ஒரே குடும்பம், இரண்டு விருந்துகள்: 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் முதல் பாகத்தை என்ன செய்கிறது?

லேக் டாஹோ ஏரிக்கரையில் 1958-இல் ஒரு விருந்து நடக்கிறது. மைக்கேல் கோர்லியோனியின் மகன் ஆண்டனி புதுநன்மை (கோவிலில் முதல் முறையாக நற்கருணை) வாங்கிய நாள். தோட்டம் நிறையக் கூட்டம், மேடையில் பெரிய வாத்தியக் குழு. நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் பழைய ஆள் ஃபிராங்க் பென்டாஞ்சலி நன்றாகக் குடித்துவிட்டு மேடைக்குப் போகிறார். இத்தனை பேர் வாசிக்கிறீர்களே, ஓர் இத்தாலிக்காரர்கூட இல்லையா என்று அலுத்துக்கொள்கிறார். தெற்கு இத்தாலியில் கல்யாண வீடுகளில் ஆடும் டாரன்டெல்லா மெட்டை வாசிக்கச் சொல்லித் தானே தாளமும் போட்டுக் காட்டுகிறார். குழுவுக்கு அது பிடிபடவில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டு, அமெரிக்கக் குழந்தைகள் பாடும் பாட்டு ஒன்றுக்குத் தாவிவிடுகிறது. ஃபிராங்க் வெறுத்துப்போய் இறங்கிவிடுகிறார்.

இந்தப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு இது ஒரு குடிகாரர் செய்யும் கோமாளித்தனம். முதல் பாகத்தையும் பார்த்தவருக்குச் சுருக்கென்று தைக்கும். அங்கேயும் படம் விருந்தில்தான் தொடங்கியது. 1945, மைக்கேலின் தங்கை கானியின் கல்யாணம். பாட்டுக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. வந்திருந்த உறவுக்காரர்களே பாடினார்கள், பெற்ற தாயே மேடையேறிப் பாடினார், கூட்டம் கூடவே இழுத்தது. பதின்மூன்று வருடத்தில் வீடு பெரிதாகிவிட்டது, ஏரி வந்துவிட்டது, பாட்டு மட்டும் காணாமல் போய்விட்டது.

இரண்டாம் பாகம் முழுக்க இந்த வேலைதான் செய்கிறது. முதல் பாகத்தில் இருந்த ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து வைத்து, இப்போது இது எப்படி இருக்கிறது பார் என்று காட்டுகிறது. புதிதாகப் பார்க்க உட்காருபவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், 'படம் நீளம், ஒன்றும் புரியவில்லை' என்ற புகாரில் பாதி போய்விடும். மீதிப் பாதி நியாயமான புகார். அதற்கும் வருகிறேன்.

(இரண்டு படங்களின் கதையையும் முடிவு வரை பேசப்போகிறேன். ஐம்பது வருடத்துக்கு முந்தைய படங்கள்தாம் என்றாலும், பார்க்காதவருக்கு அவை புதுப் படங்களே. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் பாகம், சுருக்கமாக

மரியோ பூசோ 1969-இல் எழுதிய நாவலிலிருந்து 1972-இல் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்த படம். விட்டோ கோர்லியோனி நியூயார்க்கில் ஒரு குற்றக் குடும்பத்தின் தலைவர். மார்லன் பிராண்டோ நடித்தார். மூத்த மகன் சன்னி முன்கோபி. இரண்டாமவன் ஃபிரெடோ பலவீனமானவன். மூன்றாமவன் மைக்கேல் போர் வீரன், படித்தவன், குடும்பத் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவன். கல்யாண விருந்தில் காதலி கேயிடம் அப்பாவின் தொழிலைப் பற்றி ஒரு பயங்கரக் கதை சொல்லிவிட்டு, அது என் குடும்பம், நான் இல்லை என்கிறான். அப்பாவைச் சுடுகிறார்கள். அவரைக் காப்பாற்ற இறங்கும் மைக்கேல் கொலைகாரனாகிறான். படம் முடியும்போது குடும்பத்தின் தலைவனாக உட்கார்ந்திருக்கிறான்.

தலைப்பில் இருக்கும் 'காட்ஃபாதர்' நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் 'ஞானத்தந்தை' என்று சொல்லப்படுபவர்தான். முதல் படத்தின் உச்சக்காட்சி இந்தச் சொல்லை வைத்தே கட்டப்பட்டது. தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்தில் மைக்கேல் ஞானத்தந்தையாக நின்று, சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதே நேரம் ஊரெங்கும் அவன் எதிரிகள் வரிசையாகச் சாகிறார்கள். கோவிலும் கொலையும் மாறி மாறி வெட்டிக் காட்டப்படும் அந்தச் சில நிமிடங்களை உலகெங்கும் எத்தனையோ இயக்குநர்கள் பின்னால் எடுத்தாண்டுவிட்டார்கள்.

ஆனால் அரங்கில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். எதிரிகள் விழ விழ நாம் உள்ளுக்குள் மகிழ்ந்தோம். அப்பாவைச் சுட்டவர்கள், அண்ணனைக் கொன்றவர்கள், துரோகம் செய்தவர்கள் என்று ஒருவரையும் விடாமல் பையன் கணக்குத் தீர்த்துவிட்டானே என்று. மைக்கேலின் ஆன்மா நாசமாவதைக் காட்டிய படம், பார்த்தவர்கள் மனதில் ஒரு வெற்றிக் கதையாகவும் தங்கிவிட்டது. அந்த மகிழ்ச்சியைத்தான் இரண்டாம் பாகம் கேள்வி கேட்கிறது.

தொடர்ச்சியா, முன்கதையா?

தொடர்ச்சிப் படம், அதாவது சீக்வல், பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் வரும். ஒன்று, அதே நாயகன், புது வில்லன், முன்னதைவிடப் பெரிய சண்டை. முதல் படத்தைப் பார்க்காதவரும் பார்க்கலாம். இன்னொன்று, முதல் படத்தில் தொங்கலில் விட்ட முடிச்சை அவிழ்ப்பது. இவை இரண்டுக்கும் வெளியே முன்கதை என்று ஒன்று உண்டு. ப்ரீக்வல் என்பார்கள். முதல் படம் தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது என்று சொல்வது.

1974 டிசம்பரில் வந்த 'காட்ஃபாதர் இரண்டாம் பாகம்' ஒரே படத்துக்குள் சீக்வலையும் ப்ரீக்வலையும் வைத்திருக்கிறது. ஒரு பக்கம் 1958-க்குப் பிறகு மைக்கேலின் கதை. இன்னொரு பக்கம் அவன் அப்பா விட்டோ 1901-இல் சிசிலியிலிருந்து அநாதையாகத் தப்பி வந்து, 1917 வாக்கில் நியூயார்க்கில் எப்படி 'டான் கோர்லியோனி' ஆனார் என்ற கதை. இந்த இரண்டாவது கதை பூசோவின் நாவலிலேயே இருந்தது, முதல் படத்தில் இடமில்லாமல் விடப்பட்டது. மைக்கேல் பகுதி திரைக்கென்றே புதிதாக எழுதப்பட்டது.

ஒன்று முடிந்து அடுத்தது என்று படம் போவதில்லை. கொஞ்சம் மகன், கொஞ்சம் அப்பா, மறுபடி மகன். தலைமுடி பின்னுவதைப் போல. எங்கே ஒரு கதையை விட்டு இன்னொன்றுக்குப் போகிறது என்பதைக் கவனிப்பதுதான் இந்தப் படத்தைப் படிக்கும் வழி. முதல் மாற்றமே அழகானது. ஒன்பது வயதுச் சிறுவன் விட்டோ, அமெரிக்கா வந்து இறங்கியதும் பெரியம்மை என்று, குடியேறுபவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவில் தனியறையில் அடைக்கப்படுகிறான். ஜன்னல் வழியே சுதந்திர தேவி சிலை தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து மெல்லப் பாடுகிறான். அந்தப் படம் கரைய, தேவாலயத்தில் நடந்து வரும் இன்னொரு சிறுவன் தெரிகிறான். அவனுடைய பேரன் ஆண்டனி விட்டோ கோர்லியோனி என்று திரையில் எழுத்து வருகிறது. ஒன்றுமில்லாமல் வந்தவன் ஒருவன், எல்லாம் இருக்கும் வீட்டில் பிறந்தவன் ஒருவன். இடையில் இருக்கும் அரை நூற்றாண்டை ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிவிடுகிறது படம்.

பிறகு வரும் மாற்றங்களும் இப்படித்தான். தூங்கும் மகனை மைக்கேல் பார்த்துக்கொண்டிருப்பது கரைந்து, தன் குழந்தையோடு இருக்கும் இளம் விட்டோவாகிறது. மகனின் வீடு காலியாகிக்கொண்டே போகும். அதே வேகத்தில் அப்பாவின் வீடு நிறைந்துகொண்டே வரும். முன்னோட்டக் காட்சிகளில் படம் ஒட்டாமல் இருக்கிறது என்று தெரிந்ததால், கொப்போலா இப்படி மாறும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு பகுதியையும் நீளமாக்கினார். அப்படியும் 3 மணி நேரம் 20 நிமிடம்.

நிறத்தைப் பார்த்தாலே எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். விட்டோவின் பகுதிகள் பழைய புகைப்படம்போல் பழுப்பும் பொன்னும் கலந்தவை. மைக்கேலின் பகுதிகளில் இருட்டும் குளிரும். இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். முதல் படத்தில் பிராண்டோவின் முதுமை ஒப்பனைக்காக விளக்கை மேலேயிருந்து அடித்தார். அதனால் கண்கள் நிழலுக்குள் போயின. அந்தக் குழிந்த கண்கள் இரண்டாம் படத்தில் மைக்கேலுக்கு வந்து சேர்கின்றன. இவ்வளவு செய்தவருக்கு இரண்டு படத்துக்கும் ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கதவு, அறை, கொலை

முதல் படத்தின் கல்யாண நாளில் விட்டோ இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறைகளைக் கேட்பார். மடியில் பூனை. பிணச் சடங்குகள் நடத்தும் ஒருவர், தன் மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதி கேட்பார். பணம் வேண்டாம், என்னை நண்பன் என்று சொல்ல மாட்டாயா என்பதுதான் விட்டோவின் வருத்தம். கொடூரமான உலகம்தான், ஆனாலும் அதில் மனிதர்கள் இருந்தார்கள். இரண்டாம் படத்தின் விருந்து நாளில் மைக்கேலின் அறைக்கு வருகிறவர் நெவாடா மாநில செனட்டர். வெளியே மேடையில் குடும்பப் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்துப் பாராட்டியவர், உள்ளே வந்ததும் சூதாட்ட உரிமத்துக்கு இரண்டரை லட்சம் டாலரும் ஓட்டல் வருமானத்தில் மாதாமாதம் 5 சதவீதமும் கேட்கிறார். உங்களுக்கு நான் தருவது ஒன்றுமில்லை, உரிமக் கட்டணத்தையும் நீங்களே கட்டிவிடுங்கள் என்கிறான் மைக்கேல். அப்பாவிடம் குறை சொல்ல வந்தார்கள், மகனிடம் பேரம் பேச வருகிறார்கள்.

அப்பாவைத் தெருவில் ஆரஞ்சு வாங்கும்போது சுட்டார்கள். மகனைச் சுடுவது அவன் படுக்கையறைக்குள். மனைவி கே ஜன்னல் திரை ஏன் திறந்திருக்கிறது என்று கேட்கும் நொடியில் குண்டுகள் பாய்கின்றன. திரையைத் திறந்து வைத்தது யார்? எதிரி இப்போது வீட்டுக்குள் இருக்கிறான்.

கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் படத்தின் கடைசிக் காட்சியில், தங்கை கணவனைக் கொன்றது நீயா என்று கே கேட்பாள். மைக்கேல் இல்லை என்று பொய் சொல்வான். அவள் நிம்மதியாக வெளியே வந்து திரும்பிப் பார்க்கும்போது, ஆட்கள் அவன் கையை முத்தமிடுவது தெரியும். ஓர் அடியாள் வந்து கதவைச் சாத்துவான். இரண்டாம் படத்தில் கே பிரிந்துபோய்விட்டாள். பிள்ளைகளைப் பார்க்க ரகசியமாக வந்து கிளம்பும் நேரத்தில் மைக்கேல் வந்துவிடுகிறான். ஒரு வார்த்தை இல்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி கதவை அவனே சாத்துகிறான். முதலில் சாத்தியது வேலைக்காரன் கை, இப்போது சொந்தக் கை. இரண்டு படத்துக்கும் உள்ள தூரத்தை யாராவது ஒரு வரியில் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

கொலைகளும் அப்படியே. முதல் படத்தின் முடிவில் செத்தவர்கள் ஆபத்தானவர்கள், அதனால் நாம் ரசித்தோம். இரண்டாம் படத்தின் முடிவிலும் மூன்று சாவுகளை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார்கள். விமான நிலையத்தில் சுடப்படும் ஹைமன் ராத், மைக்கேலோடு கைகுலுக்கிக்கொண்டே அவனைக் கொல்லப் பார்த்தவர், எப்படியும் சாகப்போகும் நோயாளிக் கிழவர். குளியல் தொட்டியில் நரம்பை அறுத்துக்கொள்ளும் ஃபிராங்க் பென்டாஞ்சலி, ஏற்கெனவே தோற்றுப்போனவர். ஏரியில் தூண்டில் போட்டபடி 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருக்கும் ஃபிரெடோ, கூடப் பிறந்த அண்ணன். இவர்களில் ஒருவரால்கூட மைக்கேலுக்கு இனி ஆபத்தில்லை. முதல் படத்தில் நம்மை மகிழ வைத்த அதே உத்தியை இங்கே எடுத்து, மகிழவே முடியாதபடி செய்துவிடுகிறார்கள்.

அப்பா நல்லவர், மகன் கெட்டவனா?

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாதாரணமாக நிற்கும் இடம் இது. விட்டோ குடும்பத்துக்காக வாழ்ந்தார், ஏழைகளுக்கு உதவினார்; மைக்கேல் குடும்பத்தையே அழித்தான். முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். விட்டோ வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், மைக்கேல் வந்தால் எப்போது அப்பா வருவார் என்று காத்திருந்தேன். அப்படி ரசிக்க வைப்பதும் படத்தின் வேலைதான். ராபர்ட் டி நீரோ அவ்வளவு அமைதியாக நடித்திருப்பார். பிராண்டோவின் காட்சிகளைப் படித்து, அந்தக் கரகரப்பில் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய முழுக்கச் சிசிலியப் பேச்சிலேயே நடித்து ஆஸ்கர் வாங்கினார். ஒரே பாத்திரத்துக்காக இரண்டு வெவ்வேறு நடிகர்கள் ஆஸ்கர் பெற்றது அதுவே முதல் தடவை.

மளிகைக் கடையில் வேலை பார்க்கும் விட்டோவின் வேலை போகிறது. அந்த வட்டாரத்தையே மிரட்டிப் பிழைக்கும் ஃபனூச்சி, தன் ஆளுக்கு அந்த வேலையைக் கேட்டுவிட்டான். முதலாளி வெட்கத்தோடு மளிகைச் சாமான் பெட்டி ஒன்றை நீட்டுகிறார். விட்டோ வாங்க மறுத்து, அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறான். வீட்டுக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு பேரிக்காயை மேசையில் மனைவிக்காக வைக்கிறான். அவள் எவ்வளவு அழகான பேரிக்காய் என்கிறாள். வேலை போன செய்தி அந்தக் காட்சியில் வருவதே இல்லை. இப்படி ஒருவனை எப்படி வெறுப்பது?

ஆனால் படம் அடுத்து எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள். சின்னத் திருட்டுகளில் இறங்கும் விட்டோவிடமும் நண்பர்களிடமும் ஃபனூச்சி பங்கு கேட்கிறான். நண்பர்கள் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் விட்டோ. தெருவில் கோவில் திருவிழா. வாத்தியம், வாணவேடிக்கை, புனிதர் சிலை ஊர்வலம். கூட்டத்தின் நடுவே ஃபனூச்சி நடக்க, மேலே மொட்டை மாடி மாடியாக விட்டோ தாவிப் போகிறான். துப்பாக்கியைத் துணியில் சுற்றிச் சுடுகிறான், துணி தீப்பிடிக்கிறது. பிறகு துப்பாக்கியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் புகைபோக்கிகளுக்குள் போட்டுவிட்டு, தெரு வழியே நடந்து தன் வீட்டு வாசற்படிக்கு வருகிறான். மனைவியும் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு உன்மேல் ரொம்பப் பிரியம் என்கிறான். அந்தக் குழந்தை மைக்கேல்.

வெடிமருந்து வாசனை போகாத கை. முதல் படத்தில் ஞானஸ்நானமும் கொலையும் ஒரே நேரத்தில் நடந்ததே, அதன் வேர் இந்தத் திருவிழா. சாமி ஒரு பக்கம், சாவு ஒரு பக்கம், நடுவே 'எல்லாம் குடும்பத்துக்காக' என்ற சமாதானம். மைக்கேல் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பால்குடி வயதிலேயே வாங்கிக்கொண்டான். மகன் அப்பாவின் வழியிலிருந்து விலகிவிட்டான் என்று இரண்டாம் பாகம் சொல்வதாக எனக்குப் படவில்லை. அந்த வழியில் போனால் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான் என்கிறது. அப்பாவுக்கு அதிர்ஷ்டம், பேரனோடு தக்காளித் தோட்டத்தில் விளையாடியபடி செத்துப்போனார்.

விட்டோ நல்லவர் என்று இன்னும் நம்புகிறவர்களுக்காகவே படம் ஒரு காட்சி வைத்திருக்கிறது. வசதி வந்த பிறகு அவர் குடும்பத்தோடு சிசிலிக்குப் போகிறார். சிறுவயதில் தன் அப்பாவையும் அண்ணனையும் அம்மாவையும் கொன்ற டான் சிச்சியோ இப்போது காது கேட்காத, பார்வை மங்கிய கிழவர். குனிந்து, அவர் காதில் தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, வயிற்றைக் கிழிக்கிறார் விட்டோ. கொல்லப்பட்டவரால் அவருக்கு இனி எந்த ஆபத்தும் இருக்கவில்லை. ஹைமன் ராத்தை மைக்கேல் கொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு இரவு மைக்கேல் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சிசிலியப் பேச்சில் கேட்கிறான்: அப்பா மனதுக்குள் என்ன நினைத்தார்? குடும்பத்துக்காகவே பலமாக இருந்து, அதனாலேயே குடும்பத்தை இழந்துவிட முடியுமா? அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவன் குழந்தை கருவிலேயே போனதைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, இன்னொரு குழந்தை பிறக்கும், குடும்பத்தை யாரும் இழக்க முடியாது என்கிறார். காலம் மாறிவிட்டது என்று முணுமுணுக்கிறான். அந்தக் கருவைத் தானே கலைத்ததாக, இப்படி ஒரு வம்சம் தொடரக் கூடாது என்று கலைத்ததாக, கே பிறகு சொல்லும்போது அல் பசினோவின் முகத்தைப் பாருங்கள். படம் முழுக்க இறுக்கிப் பிடித்திருந்த முகம் அங்கே ஒரு தடவை உடைகிறது.

நியாயமான புகார்

குழப்பம் உண்மையில் இருக்கிறது. மைக்கேலைக் கொல்ல ஆள் அனுப்பியது யார், ஏன் என்பதைப் படம் விளக்கமாகச் சொல்வதில்லை. முதல் முறை பார்ப்பவருக்கு இவ்வளவு போதும்: மயாமியில் இருக்கும் யூத வணிகர் ஹைமன் ராத், கியூபாவில் பெரிய தொழில் தொடங்கலாம் என்று மைக்கேலோடு கைகுலுக்கிக்கொண்டே அவனை முடிக்கப் பார்க்கிறார். மயாமியில் இருந்த மேயர் லான்ஸ்கி என்ற பெயருள்ள உண்மையான நிழலுலக ஆளை மனதில் வைத்து எழுதிய பாத்திரம் இது. தெரிந்தோ தெரியாமலோ அவருக்கு உள்ளிருந்து உதவியவன் ஃபிரெடோ. ஃபிராங்கை இன்னொரு கும்பல் கழுத்தை நெரிக்கும்போது மைக்கேல் பெயரைச் சொல்கிறது. தலைவன்தான் தன்னைக் கொல்லச் சொன்னான் என்று நம்பி, அவர் அரசுத் தரப்புச் சாட்சியாகிறார். ஃபிரெடோ எவ்வளவு செய்தான், திரையைத் திறந்தது அவனா என்பதெல்லாம் கடைசிவரை தெளியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கணக்கு முழுதாக நேராகவில்லை. முதல் பாகம் இந்த விஷயத்தில் தெளிவான நீரோடை. யார் எதற்குச் சாகிறார்கள் என்று குழந்தைக்கும் புரியும்.

இன்னொரு சங்கடம், முதல் பாகத்தில் எல்லாருக்கும் பிடித்த பருத்த உடம்பு கிளமென்சா இங்கே வயதானவராக வரவில்லை. நடிகர் ரிச்சர்ட் காஸ்டெலானோவோடு ஒப்பந்தம் ஒத்துவராததால் அந்த இடத்தில் ஃபிராங்க் பென்டாஞ்சலி உருவானார். செனட் விசாரணைக்கு வந்து நிற்பவர் நமக்குப் பழகிய கிளமென்சாவாக இருந்திருந்தால் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும். ஆனாலும் அந்த விசாரணைக் காட்சி நிற்கிறது. சிசிலியிலிருந்து ஃபிராங்கின் அண்ணனை அழைத்து வந்து, அரங்கில் தன் பக்கத்தில் உட்கார வைக்கிறான் மைக்கேல். அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் ஃபிராங்க் சாட்சியை மாற்றிவிடுகிறார். அமெரிக்கர்கள் அதற்கு முந்தைய வருடம்தான், அதிபர் நிக்சன் தரப்பின் முறைகேடுகளைப் பற்றிய வாட்டர்கேட் செனட் விசாரணையைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். நிக்சன் பதவி விலகி நான்கு மாதத்தில் படம் வெளியானது.

எடுத்த கதை

முதல் படத்தின்போது எந்நாளும் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருந்த கொப்போலா, அடுத்த பாகத்தை இயக்கவே விரும்பவில்லை. மார்ட்டின் ஸ்கார்செஸியை இயக்க வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார், தயாரிப்பு நிறுவனமான பாரமவுன்ட் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தயாரிப்புப் பொறுப்பும் தன் கைக்கு வந்த பிறகு இறங்கினார். பெயரில் வெறுமனே 'இரண்டாம் பாகம்' என்று போடுவதிலும் தகராறு. பழைய படத்தின் மிச்சம் என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்பது நிறுவனத்தின் கவலை. இன்றைக்குப் படப்பெட்டி திறக்கும் முன்பே பெயரோடு எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் பரவ இந்தப் படமும் ஒரு காரணம்.

செலவு சுமார் 13 மில்லியன் டாலர், முதல் படத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஹவானாவை டொமினிக்கன் குடியரசின் சான்டோ டொமிங்கோவில் எடுத்தார்கள். முதலில் வந்த விமர்சனங்கள் எல்லாமே புகழ்ச்சி அல்ல, வசூலும் முதல் படத்தின் பக்கத்தில் வரவில்லை. ஆனால் ஆஸ்கரில் முதல் படம் 3 வாங்கிய இடத்தில் இது 6 வாங்கியது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரை ஒரு தொடர்ச்சிப் படம் பெற்றது அதுவே முதல் தடவை. எது பெரிது என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. முதல் படம் தனியாக நிற்கும், இரண்டாவது முதலாவதின் தோளில்தான் நிற்க முடியும். அங்கே நின்றுகொண்டுதான் அவ்வளவு தூரம் பார்க்கிறது.

1977-இல் ஒரு விசித்திரம் நடந்தது. இரண்டு படங்களையும் கலைத்து, 1901-இல் தொடங்கிக் கால வரிசைப்படி அடுக்கி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராகப் போட்டார்கள். கதை இப்போது எளிதாகப் புரிந்தது. வாசற்படியில் குழந்தையைக் கொஞ்சும் விட்டோ முதலிலேயே வந்துவிடுகிறார், மைக்கேல் கதவைச் சாத்துவது எத்தனையோ மணி நேரம் கழித்து வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் உண்டான அர்த்தம் எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. பின்னலை அவிழ்த்தால் அதே முடிதான் இருக்கும், பின்னல் இருக்காது.

நம் ஊரில் காட்ஃபாதர் என்றதும் மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) நினைவுக்கு வரும். பலரும் அதை முதல் பாகத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். அப்பாவைக் கொன்றவனைக் குத்திவிட்டு ஊரைவிட்டு ஓடும் சிறுவன், யாருமற்ற பெருநகரம், அங்கே தன் மக்களுக்கு நிழலாகிப் பின் அந்த நிழலே பாரமாவது என்று பார்த்தால், வேலு நாயக்கர் பிராண்டோவின் விட்டோவைவிட டி நீரோவின் விட்டோவுக்கு நெருங்கிய சொந்தம்.

பார்ப்பவர்களுக்குச் சில யோசனைகள். முதல் பாகம் பார்த்து ஒரு வாரமாவது ஆகட்டும், ஆனால் ஒரு வருடம் ஆகிவிடக் கூடாது. கல்யாணக் காட்சியும் கதவும் நினைவில் இருக்க வேண்டும். விட்டோ பகுதி ஏறக்குறைய முழுக்கச் சிசிலியப் பேச்சு என்பதால் சப்டைட்டிலோடு மூலத்தைப் பாருங்கள். மொழிமாற்றப் பதிப்பில் எல்லாரும் ஒரே மொழி பேசினால், பேரனின் விருந்தில் ஏன் யாருக்கும் டாரன்டெல்லா தெரியவில்லை என்பதே விளங்காமல் போகும். 1990-இல் மூன்றாம் பாகம் வந்தது, 2020-இல் கொப்போலா அதை வேறு பெயரில் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அதற்கு அவசரமில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தில் தொலைபேசியைத் தொடாதீர்கள். ஃபிரெடோ செத்த பிறகு படம் திடீரென்று 1941 டிசம்பருக்குப் போகிறது. அப்பாவின் பிறந்தநாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி சன்னி, ஃபிரெடோ, வளர்ப்பு அண்ணன் டாம், கானி, எல்லாரும் உயிரோடு. மைக்கேல் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறான். சன்னி அடிக்கப் பாய்கிறான், டாம் கோபிக்கிறான். கை நீட்டி வாழ்த்துச் சொல்வது ஃபிரெடோ ஒருவன்தான். வாசலில் அப்பா வந்துவிட்டார் என்றதும் எல்லாரும் எழுந்து ஓடுகிறார்கள். விட்டோவாக நடிக்க பிராண்டோ அன்று படப்பிடிப்புக்கு வரவில்லை, அதனால் அப்பா திரைக்கு வெளியிலேயே இருந்துவிடுகிறார். மைக்கேல் மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், பக்கத்து அறையில் குடும்பம் பாடுவது கேட்கிறது.